மெய்ப்பிக்கப்படாத பூட்டு

நம் தாத்தா பாட்டிமார் பலர் தோட்டத்துப் பதிவேட்டில் கைநாட்டு வைத்தவர்கள். பெருவிரலை மையில் தோய்த்துத் தாளில் ஒற்றினால் அதுவே கையொப்பம். நம் நாட்டின் 1997-ஆம் ஆண்டு இலக்கமுறைக் கையொப்பச் சட்டம் (சட்டம் 562) அந்தக் கைநாட்டை மறந்துவிடவில்லை. 1998 அக்டோபர் 1-ஆம் நாள் நடப்புக்கு வந்த அச்சட்டத்தின்படி, முறையாக இடப்பட்ட இலக்கமுறைக் கையொப்பம், பேனாவால் இட்ட கையொப்பத்துக்கும் கைநாட்டுக்கும் நிகரான சட்ட வலிமை உடையது.

கைநாட்டு ஏன் செல்லும்? ஒருவருடைய ரேகை இன்னொருவருக்கு இருப்பதில்லை என்று நம்புகிறோம். இலக்கமுறைக் கையொப்பம் ஏன் செல்லும்? குறிப்பிட்ட சில கணக்குகளை எவராலும் நியாயமான காலத்துக்குள் போட்டு முடிக்க இயலாது என்று நம்புகிறோம். இந்த இரண்டாவது நம்பிக்கையை இன்றுவரை யாரும் மெய்ப்பிக்கவில்லை. நாடாளுமன்றம் அதன்மேல் சட்டம் இயற்றியிருக்கிறது. வங்கிகள் அதன்மேல் நம் பணத்தை வைத்திருக்கின்றன. நீங்கள் கைத்தொலைபேசியில் கட்டணம் செலுத்தும் ஒவ்வொரு முறையும் திரைக்குப் பின்னால் அந்த நம்பிக்கைதான் வேலை செய்கிறது.

கழகத்தின் இளையோருக்கு இதை ஒரு மாலையில் விளக்க முற்பட்டேன். அன்று எழுந்த கேள்விகளை ஒட்டியே இக்கட்டுரையை அமைத்திருக்கிறேன். கணினித்துறை சாராதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் இன்னும் நல்லது.

பெருக்கலும் பிரித்தலும்

89-ஐயும் 97-ஐயும் பெருக்குங்கள். அரை நிமிடத்தில் 8633 என்று சொல்லிவிடுவீர்கள். இதையே திருப்பிக் கேட்டால்? 8633 எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கம் என்று, முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் 2, 3, 5, 7, 11 என்று பகா எண்களை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும். 89 இருபத்து நான்காவது பகா எண். இருபத்து மூன்று முறை தோற்ற பிறகுதான் அது கைக்கு அகப்படும்.

ஸ்டான்லி ஜெவோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் 1874-இல் வெளியிட்ட நூலொன்றில் 8616460799 என்ற எண்ணைக் கொடுத்து, இது எந்த இரண்டு எண்களைப் பெருக்கி வந்தது என்பதைத் தம்மைத் தவிர வேறு யாரும் அறியப்போவதில்லை என்ற பொருள்பட எழுதினார். 1903-இல் அமெரிக்கக் கணித அறிஞர் லெஹ்மர் அதைப் பிரித்துக் காட்டினார்: 89681, 96079. இன்று உங்கள் கைத்தொலைபேசி இதைக் கண் இமைக்கும் நேரத்தில் செய்துவிடும். ஜெவோன்ஸ் கொடுத்தது மெய்ப்பிப்பு அன்று, வெறும் நம்பிக்கை என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அதே வடிவமுள்ள நம்பிக்கை நூறு ஆண்டுகள் கழித்து இன்னும் பெரிய எண்களோடு திரும்பி வந்தது.

1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், எடல்மன் ஆகிய மூவரும் வகுத்த முறைக்கு அவர்களின் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆர்எஸ்ஏ என்று பெயர். அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பூட்டுவதற்குச் சாவி வேண்டாம், திறப்பதற்குத்தான் வேண்டும். ஆர்எஸ்ஏயில் இரண்டு மிகப் பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த எண் ஊரறிய வெளியிடப்படும். அதைக் கொண்டு யாரும் பூட்டலாம். அந்த இரண்டு பகா எண்களும் யாருக்குத் தெரியுமோ அவர்தான் திறக்கலாம். கையொப்பத்தில் இது தலைகீழாக நடக்கும்: இரகசியச் சாவியை வைத்திருப்பவர் ஒப்பமிடுவார், பொதுச் சாவியை வைத்து உலகமே சரிபார்க்கும். சட்டம் 562 பேசுவதும் இப்படிப்பட்ட இரட்டைச் சாவி முறையைத்தான்.

அதே 1977-இல் 129 இலக்கமுள்ள ஓர் எண்ணை அமெரிக்க அறிவியல் இதழ் ஒன்றில் வெளியிட்டு, பிரித்துக் காட்டுபவருக்கு 100 டாலர் பரிசு என்றார்கள். அன்றைய முறைகளால் 40 குவாட்ரில்லியன் ஆண்டுகள் பிடிக்கும் என்றொரு மதிப்பீடும் கூடவே வந்தது. 40-ஐ எழுதி அதன் பின்னால் பதினைந்து சுழியங்கள் போடுங்கள், அவ்வளவு ஆண்டுகள். பதினேழே ஆண்டுகளில், 1994-இல், இணையத்தின்வழி ஒன்றுகூடிய சுமார் 600 பேர் அதைப் பிரித்துவிட்டார்கள். கணினிகள் வேகமானது மட்டும் இதற்குக் காரணமன்று. இடையில் புதிய வழிமுறைகள் பிறந்துவிட்டன. 2020 பிப்ரவரியில் 250 இலக்க எண் ஒன்று பிரிக்கப்பட்டது. இன்று பரவலாகப் பயன்படுபவை 617 இலக்க எண்கள். அவற்றைப் பிரித்ததாகத் தகவல் இல்லை.

“அப்படியானால் 617 இலக்கத்தை உடைக்க முடியாது என்று எப்படித் தெரியும், அண்ணா?” என்று முதலாமாண்டு மாணவி ஒருவர் கேட்டார். தெரியாது என்பதுதான் நேர்மையான விடை. அதோடு நில்லாமல் அவருக்கு இன்னொன்றையும் சொன்னேன். காரணிகளைப் பிரிப்பது கடினம் என்பதே ஓர் எடுகோள். ஆர்எஸ்ஏயை உடைக்க வேண்டுமானால் காரணிகளைப் பிரித்தே ஆகவேண்டும் என்பது அதற்கு மேல் இன்னோர் எடுகோள். பிரிக்காமலேயே பக்கவாட்டில் நுழைந்துவிடும் வழி கிடையாது என்றும் யாரும் மெய்ப்பிக்கவில்லை. ஆக, அடித்தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நம்பிக்கைகள்.

கிட்டங்கிக் கணக்கு

“கடினம்” என்று கணினியியலார் சொல்லும்போது அச்சொல்லுக்குத் துல்லியமான ஒரு பொருள் உண்டு. அதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக முடியும்.

பினாங்கு வீதியில் நகரத்தார் கிட்டங்கிகள் நடந்த காலத்துக்குப் போவோம். பெட்டியடிப் பையனிடம் எட்டுச் சீட்டுகள் இருக்கின்றன. அவற்றிலுள்ள தொகைகள் 17, 29, 38, 53, 61, 74, 82, 95. பேரேட்டில் 194 வெள்ளி வரவு என்று இருக்கிறது, ஆனால் எந்தெந்தச் சீட்டுகள் சேர்ந்து அந்தத் தொகை வந்தது என்பது எழுதப்படவில்லை. பையன் என்ன செய்வான்? ஒவ்வொரு சீட்டையும் சேர்க்கலாம் அல்லது விடலாம். எட்டுச் சீட்டுகளுக்கு 256 சேர்க்கைகள். ஒரு மாலைப் பொழுது போதும். சீட்டுகள் 50 என்றால், விநாடிக்கு ஒரு பில்லியன் சேர்க்கைகளைப் பார்க்கும் கணினிக்கே 13 நாள் ஆகும். 60 என்றால் 36 ஆண்டுகள். 70 என்றால் 37 ஆயிரம் ஆண்டுகள். சீட்டுகளை இரண்டு பாதியாகப் பிரித்துத் தேடுவது போன்ற திறமையான வழிகள் இருக்கின்றன. அவை இந்த வளர்ச்சியைத் தள்ளிப்போடுகின்றன, நிறுத்துவதில்லை.

இப்போது பக்கத்தில் இருப்பவர் ஒருவர், “38, 61, 95” என்று காதில் போடுகிறார். கூட்டிப் பாருங்கள், 194. சரிபார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

விடையைக் கொடுத்தால் விரைவாகச் சரிபார்க்க முடிகிற கணக்குகளின் தொகுப்புக்கு “என்பி” என்று பெயர். விடையை நாமே விரைவாகக் கண்டுபிடிக்க முடிகிற கணக்குகளின் தொகுப்பு “பி”. விரைவு என்றால் என்ன? கணக்கின் அளவு இரட்டிப்பானால் வேலை நான்கு மடங்கோ எட்டு மடங்கோ, ஏதோ ஒரு நிலையான மடங்குக்குள் பெருகினால் அது விரைவு. சீட்டுக் கணக்கில் ஒரே ஒரு சீட்டைக் கூட்டியதற்கே வேலை இரட்டிப்பாகிறது. அது விரைவு அன்று.

சரிபார்க்க எளிதானவை எல்லாம் கண்டுபிடிக்கவும் எளிதானவைதாமா? பி-யும் என்பி-யும் ஒன்றா, வேறா? 1971-இல் ஸ்டீபன் குக் இக்கேள்விக்குத் திட்டவட்டமான வடிவம் தந்தார். சோவியத் நாட்டில் லியோனித் லெவின் தனியாக இதே இடத்துக்கு வந்து 1973-இல் வெளியிட்டார். 1972-இல் ரிச்சர்ட் கார்ப், ஒன்றை விரைவாகத் தீர்த்தால் என்பி முழுவதையும் விரைவாகத் தீர்த்துவிடலாம் என்ற தன்மையுள்ள 21 கணக்குகளைப் பட்டியலிட்டார். நம் பெட்டியடிப் பையனின் கணக்கும் அப்பட்டியலில் உண்டு. 2000-இல் அமெரிக்காவின் கிளே கணிதக் கழகம் விடை காண்பவருக்கு ஒரு மில்லியன் டாலர் என்று அறிவித்தது. பரிசு இன்னும் அங்கேயே இருக்கிறது.

மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கசார்க் 2002-இல் நூறு ஆய்வாளர்களிடம் கருத்துக் கேட்டார். 61 பேர் இரண்டும் வேறு என்றனர், 9 பேர் ஒன்று என்றனர். 2019-இல் அவர் மீண்டும் கேட்டபோது வேறு என்றவர்கள் 88 விழுக்காடு. ஒரு கணித வினாவுக்குத் தேர்தல் போல் வாக்கெடுப்பு நடத்த வேண்டிய நிலையிலேயே விசயத்தின் நிலவரம் விளங்கும்.

கடினம் மட்டும் போதாது

சீட்டுக் கணக்கு இவ்வளவு கடினம் என்றால் அதையே பூட்டாக்கிவிடலாமே என்று தோன்றுகிறதா? அப்படித்தான் மெர்க்கிலும் ஹெல்மனும் 1978-இல் நினைத்தார்கள்.

அவர்களின் உத்தி அழகானது. 3, 5, 11, 20, 41 என்ற வரிசையைப் பாருங்கள். ஒவ்வோர் எண்ணும் தனக்கு முன்னுள்ள எல்லா எண்களின் கூட்டலைவிடப் பெரியது. இதில் 64 வரவேண்டுமானால் தேடவே வேண்டாம். 64-இல் 41 அடங்கும், எடு. மீதி 23-இல் 20 அடங்கும், எடு. மீதி 3. அதில் 11 அடங்காது, 5 அடங்காது, 3 அடங்கும். முடிந்தது. இப்படி எளிதான ஒரு வரிசையை இரகசியமாக வைத்துக்கொண்டு, ஓர் எண்ணால் பெருக்கி இன்னோர் எண்ணால் வகுத்து மீதியை எடுத்து, பார்ப்பதற்குத் தாறுமாறான எண்களாக மாற்றி வெளியே கொடுத்தார்கள். வெளியே இருப்பவருக்குக் கடினமான சீட்டுக் கணக்கு, உள்ளே இருப்பவருக்கு எளிதான கணக்கு.

1982-இல் ஷமீர் (ஆர்எஸ்ஏ மூவரில் நடுவில் உள்ளவர்தான்) அந்த முகமூடியைக் கழற்றிவிட்டார். சீட்டுக் கணக்கு பொதுவில் எளிது என்று அவர் காட்டவில்லை, அது இன்றும் கார்ப்பின் பட்டியலில் அப்படியே இருக்கிறது. வேடம் போட்டு வந்த அந்தக் குறிப்பிட்ட எண்கள் எளிதானவை என்றுதான் காட்டினார்.

இந்தத் துறையில் புதிதாக நுழைபவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதுதான் என்பேன். ஒரு கணக்கு “கடினம்” என்றால், அதன் மிக மோசமான வடிவங்கள் கடினம் என்று பொருள். பூட்டுக்கோ, கடையில் எடுக்கும் ஒவ்வொரு பூட்டும் கடினமாக இருக்க வேண்டும். ஆயிரத்தில் ஒன்று திறக்காது, மற்றவை ஊசி பட்டால் திறக்கும் என்றால் அந்தப் பூட்டை யார் வாங்குவார்? ஆகவே நாளையே பி-யும் என்பி-யும் வேறு என்று ஒருவர் மெய்ப்பித்தாலும், நம் வங்கிக் கணக்கு பாதுகாப்பானது என்று அதிலிருந்து பெற முடியாது. ரஸல் இம்பக்லியாசோ 1995-இல் எழுதிய ஒரு கட்டுரையில், நாம் வாழக்கூடிய ஐந்து உலகங்களை வரைந்து காட்டினார். அவற்றுள் மிகவும் கொடியதில் கடினமான கணக்குகள் எங்கும் கிடக்கின்றன, ஆனால் அவற்றைக் கொண்டு ஒரு பூட்டுகூடச் செய்ய முடியாது. கடினத்தின் தொல்லை முழுவதும் உண்டு, பயன் மட்டும் கிடையாது. நாம் இருப்பது அந்த உலகமன்று என்று சொல்லவும் இன்று யாரிடமும் மெய்ப்பிப்பு இல்லை.

கான்பூரின் மூவர்

நம்மைப் போன்ற இளநிலை மாணவர்களுக்கு இக்கதையில் எனக்குப் பிடித்த பகுதி இது. 2002 ஆகஸ்டு மாதம் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் அங்கே இளநிலைப் படிப்பை முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய இருவரும் ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள். ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்பதை எப்போதும் விரைவாகச் சொல்லிவிடலாம் என்பது அதன் முடிவு. பழைய கேள்வி, சில பக்கங்களில் தீர்ந்தது. 2004-இல் கணித உலகின் தலைசிறந்த ஆய்விதழ் ஒன்று அதை வெளியிட்டது. 2006-இல் கோடல் பரிசு கிடைத்தது.

“அப்படியென்றால் ஆர்எஸ்ஏ உடைந்ததா?” என்று அன்று பலர் அஞ்சினார்கள். உடையவில்லை. பகா எண்ணா என்று சொல்வது வேறு, காரணிகளைக் காட்டுவது வேறு. ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஓர் எண் ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால், 2-ஐ அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வரவேண்டும். இது ஃபெர்மா கண்ட பழைய விதி. 7-ஐ எடுங்கள்: 2-இன் 6-ஆம் அடுக்கு 64, 7-ஆல் வகுத்தால் மீதி 1. இப்போது 15: 2-இன் 14-ஆம் அடுக்கு 16384, 15-ஆல் வகுத்தால் மீதி 4. ஆகவே 15 பகா எண் அன்று. கவனித்தீர்களா? 3-ஐயும் 5-ஐயும் நாம் தொடவே இல்லை. பெட்டிக்குள் ஏதோ இருக்கிறது என்று குலுக்கிப் பார்த்தே சொல்லிவிட்டோம், திறக்கவில்லை. இந்த விதியை ஏமாற்றும் எண்களும் உண்டு, அதனால் அது மட்டும் போதாது. கான்பூர் மூவர் செய்தது, எந்த எண்ணாலும் ஏமாற்ற முடியாத சோதனையை அமைத்தது.

நம் தலைப்போடு இதற்கு இன்னும் நெருங்கிய தொடர்பு ஒன்றுண்டு. 1976-இலேயே கேரி மில்லர் விரைவான ஒரு சோதனையைத் தந்திருந்தார். ஆனால் அது எப்போதும் விரைவாக முடியும் என்பதற்கு, ரீமானின் ஊகத்தினுடைய விரிந்த வடிவம் உண்மை என்று வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஊகம் இன்றும் மெய்ப்பிக்கப்படவில்லை. பிறகு வந்த வேறு சோதனைகள் பகடை உருட்டுவதைப் போல் தற்செயலை நம்பின. கான்பூர் மூவர் ஊகத்தையும் பகடையையும் ஒருசேர அகற்றினார்கள். நடைமுறையில் கணினிகள் இன்றும் பகடைச் சோதனையையே பயன்படுத்துகின்றன, அது வேகமானது. ஆனால் “இப்படி இருக்கும் என்று வைத்துக்கொண்டால்” என்ற வாசகத்தைக் கணிதத்திலிருந்து எடுத்துவிடுவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இதில் ஒரு கசப்பும் உண்டு. அவர்கள் செய்தது ஒரு கணக்கு எளிது என்று காட்டியது. காரணிகளைப் பிரிப்பதற்கும் அதே போல் சில பக்கங்களில் ஒரு வழி எங்கோ ஒரு மாணவரின் குறிப்பேட்டில் பிறக்காது என்று உறுதி சொல்ல எவராலும் இயலாது.

ஏன் மெய்ப்பிக்க முடியவில்லை?

எளிது என்று காட்ட ஒரு வழியைக் காட்டினால் போதும். கடினம் என்று காட்ட, இருக்கிற எல்லா வழிகளையும், இனிப் பிறக்கப்போகிற வழிகளையும் சேர்த்து இல்லையென்று காட்ட வேண்டும். ஊரில் ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அவரை அழைத்து வந்து நிறுத்தினால் முடிந்தது. அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்பதற்கு?

1994-இல் ரஸ்போரோவும் ருடிச்சும் கண்டது இன்னும் வேடிக்கையானது. பூட்டுகளுக்கு வேண்டிய வகையான கடினம் உலகில் உண்மையாகவே இருக்குமானால், அதுவரை இத்துறையில் கையாளப்பட்டுவந்த மெய்ப்பிப்பு முறைகளில் பெரும்பாலானவற்றால் பி-யும் என்பி-யும் வேறு என்று காட்ட முடியாது என்று அவர்கள் மெய்ப்பித்தார்கள். கடினம் தன்னைத்தானே மறைத்துக்கொள்கிறது. 2010 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் எச்பி ஆய்வகத்தைச் சேர்ந்த வினய் தேவலாலிகர், இரண்டும் வேறு என்று மெய்ப்பித்துவிட்டதாக ஒரு நீண்ட கட்டுரையைச் சுற்றுக்கு விட்டார். உலகின் முன்னணி ஆய்வாளர்கள் கூடி உட்கார்ந்து படித்து, சில நாள்களிலேயே அதன் ஓட்டைகளைச் சுட்டிக்காட்டினார்கள்.

எல்லாம் இருட்டு என்று எண்ணிவிடாதீர்கள். சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் என்று ஒன்றிருக்கிறது. கணிப்பின் கடினத்தை ஆராய்வதில் பல்லாண்டுப் பெயர்பெற்ற இடம். அங்கே முனைவர் பட்டம் பெற்ற நூதன் லிமாயே, ஸ்ரீகாந்த் ஸ்ரீநிவாசன் ஆகிய இருவரும் பிரான்சைச் சேர்ந்த செபஸ்டியன் தவெனாவும் 2021-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கூட்டலும் பெருக்கலும் மட்டுமே தெரிந்த ஓர் இயந்திரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். மாடிவீடு போல் அதற்கு அடுக்குகள் உண்டு, அடுக்குகளின் எண்ணிக்கைக்கு ஒரு நிலையான வரம்பும் உண்டு. அப்படிப்பட்ட இயந்திரம் எவ்வளவு சாமர்த்தியமாக அமைக்கப்பட்டாலும், குறிப்பிட்ட சில பல்லுறுப்புக் கோவைகளை அளவு மிகவும் பெருத்துவிடாமல் கணக்கிட முடியாது என்று மூவரும் மெய்ப்பித்தார்கள். எடுகோள் இல்லை, “வைத்துக்கொண்டால்” இல்லை. அவ்வாண்டு இத்துறையின் முதன்மையான மாநாடு ஒன்றில் சிறந்த கட்டுரைக்கான பரிசும் கிடைத்தது. அடுக்குகளுக்கு வரம்பு உண்டு என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் மெய்ப்பிப்பு செல்லாது. நம் கைத்தொலைபேசிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. முழுக் கேள்விக்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது, இருந்தாலும் பல்லாண்டு அசையாமல் கிடந்த ஒரு கல் அசைந்திருக்கிறது.

அப்படியானால் எதை வைத்து நம்புவது?

பாயான் லெப்பாஸ் ஆலைகளில் நம் அம்மாமாரும் அக்காமாரும் எத்தனையோ பேர் வேலை செய்திருக்கிறார்கள். இன்டல் நிறுவனம் 1972-இல் அங்கே வந்தது முதல் சில்லுகளைச் சோதிப்பது நம் தீவின் தொழில். சோதனையில் ஒரு முறை உண்டு: சில்லை வெப்ப அறையில் வைத்து, வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தத்தில் பல மணி நேரம் ஓட விடுவார்கள். பலவீனமானவை அங்கேயே செத்துவிடும். தாக்குப்பிடிப்பவை விற்பனைக்குப் போகும். தாக்குப்பிடித்த சில்லு நாளைக்கும் வேலை செய்யும் என்பதற்கு அது மெய்ப்பிப்பு ஆகாது, ஆனாலும் வாங்குகிறோம்.

மறையாக்கத்தின் எடுகோள்களும் இப்படித்தான் வடிகட்டப்படுகின்றன. அவற்றுக்கு வெப்ப அறை என்பது காலமும் தாக்குபவர்களின் எண்ணிக்கையும். காரணிப் பிரிப்பு அந்த அறையில் நூற்றாண்டுகளாக வெந்துகொண்டிருக்கிறது. புதியவற்றுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2011-இல் முன்மொழியப்பட்ட ஒரு கடினத்தின்மேல் எழுந்த “சைக்” என்ற முறை, அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் போட்டியில் நான்காம் சுற்றுவரை வந்தது. 2022 ஜூலையில் காஸ்ட்ரிக், டெக்ரு ஆகிய இரு பெல்ஜிய ஆய்வாளர்கள், அதன் தொடக்கநிலைப் பூட்டை ஒரு சாதாரணக் கணினியின் ஒற்றை மையத்தில் சுமார் ஒரு மணி நேரத்தில் திறந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய தேற்றம் 1997-இலேயே வெளிவந்தது. சாவி கால் நூற்றாண்டாக நூலகத்தில் கிடந்திருக்கிறது, பூட்டுக்கும் அதற்கும் தொடர்புண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை.

பழையதை மட்டும் நம்பிக்கொண்டு இருந்துவிடவும் முடியாது. போதிய அளவுக்குப் பெரிய குவாண்டம் கணினி ஒன்று அமைந்தால் காரணிப் பிரிப்பு எளிதாகிவிடும் என்று 1994-இல் பீட்டர் ஷோர் காட்டிவிட்டார். அதனால்தான் 2024 ஆகஸ்டு 13-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் மூன்று புதிய தரங்களை வெளியிட்டது. அவற்றில் இரண்டின் அடித்தளத்தை நம் வீட்டு வாசலிலேயே காணலாம். புள்ளிக் கோலத்தின் புள்ளிகள் எல்லாத் திசையிலும் முடிவின்றிப் பரவியிருப்பதாக நினையுங்கள். இரண்டு திசைகளுக்குப் பதில் ஐந்நூறு, ஆயிரம் திசைகள். ஏதோ ஓர் இடத்தைக் காட்டி, இதற்கு மிக அருகில் உள்ள புள்ளி எது என்று கேட்டால், வாசலில் கண்ணால் சொல்லிவிடுவோம். ஆயிரம் திசைகளில் அது கடினம் என்பது எடுகோள். இதற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. 1996-இல் மிக்லோஸ் ஐதாய் காட்டிய வழியில், இங்கே எழுந்தமானத்துக்கு எடுத்த ஒரு பூட்டைத் திறக்க முடிந்தால் மிக மோசமான வடிவத்தையும் தீர்க்க முடியும். மெர்க்கிலும் ஹெல்மனும் விழுந்த பள்ளம் இங்கே தூர்க்கப்பட்டிருக்கிறது. 1982-இல் அவர்களின் பூட்டைத் திறக்க ஷமீர் பயன்படுத்தியதும் இதே புள்ளிகளின் கணிதம்தான் என்பது தனிச் சுவை.

ஆயினும் இதுவும் எடுகோள்தான். தரங்கள் வெளிவருவதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 2024 ஏப்ரல் 10-இல், சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யிலெய் சென், இந்தப் புள்ளிக் கணக்குகள் சிலவற்றைக் குவாண்டம் கணினியால் விரைவாகத் தீர்க்கலாம் என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். எட்டு நாள்கள் இத்துறையில் இருப்பவர்கள் வேறு வேலை பார்க்கவில்லை என்றே சொல்லலாம். எட்டாம் நாள் மெய்ப்பிப்பின் ஒரு படியில் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. சென் தாமே அதை ஒப்புக்கொண்டு எழுதினார். அந்த எட்டு நாள்களில் அத்தரங்களைக் காத்து நின்றது எந்தத் தேற்றமும் அன்று.

என் கணிப்பைக் கேட்டால், காரணிப் பிரிப்புக்குச் சாதாரணக் கணினியில் ஒரு விரைவான வழி வெளிவந்தாலும் நான் பெரிதாக வியக்கமாட்டேன். பி-யும் என்பி-யும் ஒன்று என்று வந்தால்தான் வியப்பேன். நண்பர்களில் பலர் இதற்கு நேர்மாறாகவும் பேசுகிறார்கள். தேநீர்க் கடையில் வாதாட நல்ல பொருள்.

படித்ததோடு விட்டுவிடாமல் கீழ்க்கண்டவற்றைச் செய்து பார்க்க வேண்டுகிறேன். பெட்டியடிப் பையனின் எட்டுச் சீட்டுகளில் 194 வருவதற்கு 38, 61, 95 அல்லாமல் இன்னொரு வழியாவது உண்டு, தேடுங்கள். தேடும்போது நீங்களாக ஏதாவது குறுக்குவழி வைத்துக்கொண்டீர்களா என்றும் கவனியுங்கள். அடுத்து, 21-ஐ ஃபெர்மாவின் சோதனைக்கு உட்படுத்துங்கள். 2-இன் 6-ஆம் அடுக்கை 21-ஆல் வகுத்தால் மீதி 1 வருவதைக் கண்டுகொண்டால் 20-ஆம் அடுக்குக்கு அதிகம் எழுத வேண்டியிராது. பிறகு 341. இதற்கு 2-இன் 10-ஆம் அடுக்கிலிருந்து தொடங்குங்கள். மீதி 1 வரும். ஆனால் 341-ஐ 11-ஆல் வகுத்துப் பாருங்கள்.